சாடிகளுக்கு ஒரு கொட்டகை

1937 ஆகஸ்ட் 8, ஞாயிறு. ஆடி 24.

இன்று காலை பத்து மணிக்குச் சாமான் காம்பராவில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர். அவருடைய தம்பி இராசமாணிக்கம். மாத்தளை டவுனிலிருந்து வந்த மெக்கானிக் லாபிர். லாரியில் வந்த ஆட்கள் இரண்டு பேர், பெயர் தெரியாது. வாசற்படியில் நான். வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு ஒருவர் வந்து "நான் அங்க இல்லையே" என்று சொல்லக்கூடாது. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

எல்கடுவப் பக்கம் ஒரு பங்களா ஏலத்தில் கொழுந்தனார் மின்சார செட் ஒன்றை எடுத்துவிட்டார். ஒரு சின்ன எண்ணெய் இஞ்சின், ஒரு டைனமோ, பதினாறு கண்ணாடிச் சாடிகள். பேட்டரி என்கிறார்கள். ஊறுகாய்ச் சாடியைப் போல மூன்று மடங்கு இருக்கும் ஒவ்வொன்றும். உள்ளே ஈயத் தகடு, தகடு மூழ்கத் திராவகம். பகலில் இஞ்சினை ஓட்டினால் மின்சாரம் சாடியில் சேர்ந்துகொள்ளுமாம், இரவில் அதிலிருந்து விளக்கெரிக்கலாமாம். எங்கள் பாதைக்கு மின்சாரக் கம்பி வருகிறவரை பொறுத்திருக்க அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மனசில்லை.

லாபிர் சாடிகளைப் பார்த்த உடனேயே சொன்னார்: "முதலாளி, இத வீட்டுக்குள்ள வைக்க வாணாம். வெளிய ஒரு கொட்டகை போட்டு வைங்க. சார்ஜ் ஏறுறப்ப ஒரு வாயு வரும்."

கொழுந்தனார் சிரித்தார். வெளியே வைத்தால் மறுநாள் காலையில் சாடி இருக்காது, ஈயத்துக்காகவே தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார். வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். "இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும்" என்றார்.

இப்போதைக்கு. இந்த வீட்டில் இப்போதைக்கு என்று வைத்த பொருள் எது இடம் மாறியிருக்கிறது?

அடுத்த காம்பராவில்தான் என் மகள் ராசம்மாவுக்குப் பிரசவம். தலைப்பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரத்தில் பிள்ளை வருகிறாள். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, மேலே ஒரு முழம் திறப்பாகக் கிடக்கிறது. இதைச் சொன்னேன். லாபிர் மட்டும் அந்தத் திறப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

ஆடி மாசத்தில் ஒரு புதுப்பானை வாங்காத வீடு. திராவகம் மட்டும் வாங்கலாமாம்.

ஆகஸ்ட் 11, புதன்.

விளக்கு எரிந்தது. பொய் எழுதக்கூடாது. அழகாகத்தான் இருந்தது. அம்மன் படத்தில் மூக்குத்தி இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 14, சனி.

வீடு தேர்த்திருவிழா மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர்கள், கங்காணிமார், தெரிந்தவர், தெரியாதவர், எல்லாரும் வெளிச்சம் பார்க்க வருகிறார்கள். கொழுந்தனார் ஒவ்வொருவரையும் காம்பராவுக்குள் அழைத்துப் போய்ச் சாடியில் எழும்புகிற குமிழியைக் காட்டுகிறார். "பாருங்க, மின்சாரம் கொதிக்குது." வந்தவர்கள் வாயில் சுருட்டு. நான் கதவருகே நின்று "வெளிய வச்சுட்டு வாங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னை வினோதமாகப் பார்க்கிறார்கள்.

காட்டுவது அவர்கள். கவனிப்பது நான். திராவகம் குறைந்தால் சுத்தமான மழைத்தண்ணீர் விட வேண்டும் என்று லாபிர் சொல்லிக்கொடுத்தபோது ஆண்கள் கடைக்குப் போய்விட்டார்கள், கேட்டுக்கொண்டது நான் ஒருத்திதான். தகரக்கூரையிலிருந்து வடிகிற தண்ணீர் ஆகாது. வெட்டவெளியில் பீங்கான் தட்டம் வைத்து, வெள்ளைத்துணி கட்டிப் பிடிக்கிறேன். கண்ணாடிக்குழாயில் மிதக்கிற ஒரு மிதவையை வைத்துச் சாடியின் பலத்தைப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். பால்கணக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் பதினாறு சாடிக்கும் பதினாறு வரிசை போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு.

நாவலப்பிட்டியிலிருந்து ராசம்மா வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து காரில் வந்தும் கால் வீங்கியிருக்கிறது. முகம் தெளிவு. ஐப்பசிப் பிறப்பை ஒட்டி இருக்கும் என்று அங்கே மருத்துவச்சி கணக்குச் சொன்னாளாம். முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 25, புதன்.

இஞ்சின் ஓடுகிற நாளெல்லாம் பிள்ளைக்கு இருமல். ஓடாத நாள் இல்லை. இது எனக்குத் தெரிகிறது. "பயணக் களைப்பு" என்கிறார் வீட்டுக்காரர். மூன்று நாளாகவா?

ஆகஸ்ட் 30, திங்கள்.

ராசம்மாவின் நீலச்சேலை வெளுத்து வந்ததும் விரித்துப் பார்த்தால் அம்மை வார்த்த மாதிரி ஓட்டை. போன வாரம் வீட்டுக்காரருடைய இரண்டு வேட்டி. கொழுந்தனாரின் சால்வையும் அப்படித்தான். எங்களுக்கு வெளுக்கிற சிங்களப் பெண் நோனா வாசலில் நின்றாள். கொழுந்தனார் சேலையை அவள் காலடியில் எறிந்து, கல்லில் அடித்துக் கிழித்துவிட்டு வந்து நிற்கிறாயா என்று தமிழிலும் சிங்களத்திலும் திட்டினார். இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நோனா அழவில்லை. மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "அம்மே, இருவது வருசம்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. சேலையைக் கெடுத்தது அவள்தான் என்று நானும் நினைத்தேன்.

செப்டம்பர் 3, வெள்ளி.

கோயிலுக்குப் போய்வந்து சாமான் காம்பராவில் குத்துவிளக்கு எடுக்கப்போனேன். சாடி வரிசைக்கு எதிர் அலமாரியில் இருந்த பித்தளைச் சாமான் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. ஆணி பொருபொருத்து உதிர்கிறது. கொடியில் போட்டிருந்த பழைய துண்டை இழுத்தேன், கையோடு வந்தது. அந்தத் துண்டு நோனாவிடம் போகவே இல்லை.

குமிழி வெடிக்கும்போது திராவகம் தூவானமாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூவானம். அது துணியில் படிகிறது. துணியில் படிவது ராசம்மாவின் நெஞ்சில் படியாதா?

மத்தியானமே நோனா வீட்டுக்கு நடந்து போனேன். தப்பு எங்கள் வீட்டில் என்று சொன்னேன். அவள் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டாள். "சின்ன மாத்தயா சொல்லட்டும்" என்றாள், கொழுந்தனாரை. சரியான பேச்சு. மாலையில் கொழுந்தனாரிடம் சொன்னேன். "வெளுக்கிறவகிட்ட போயி மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்களா மதினி?" என்று கேட்டுவிட்டு ஒரு பெரிய வேடிக்கை நடந்ததுபோலச் சிரித்தார்.

சேலையை எறிய வந்த கை, இப்போது எங்கே போயிற்று?

செப்டம்பர் 8, புதன்.

செட்டோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்தது. இஞ்சினுக்குக் கீழே அண்டைகொடுக்க வைத்திருந்தார்கள். துடைத்து எடுத்துக்கொண்டேன். அண்ணனின் சிலேட்டைப் பார்த்துத் தமிழ் கற்றவள் நான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தத்துக்கு அகராதி வேண்டும். பேட்டரி பக்கம் ஒன்றுக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஒரு இடத்தில் நிர்வாணமான வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுவராதே என்று வந்தது. எனக்கு ஒரே கூச்சமாகிவிட்டது. அகராதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம் புரிந்தது, சிம்னி போடாத தீ. எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்: சார்ஜ் ஏறும்போது வருகிற வாயு காற்றைவிட லேசு. மேலே போய்த் தங்கும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். சாடிகளைக் குடியிருக்கிற அறையில் வைக்கக்கூடாது. தனி இடம் வேண்டும். கூரைக்குக் கிட்டே காற்று வெளியேற வழி வேண்டும். இஞ்சினும் சாடியும் ஒரே அறையில் ஆகாது.

அண்டைகொடுத்து வைத்திருந்தார்கள் இதை.

செப்டம்பர் 12, ஞாயிறு.

மருத்துவச்சி அழகாயி வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். தலை இறங்கவில்லை, இன்னும் நாள் இருக்கிறது. காம்பராவையும் பார்த்தாள். கட்டிலை எங்கே போடுவது, வெந்நீர் அண்டா எங்கே, சாம்பிராணிச் சட்டி எங்கே என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். சாம்பிராணிச் சட்டி.

இதை எப்படி யோசிக்காமல் இருந்தேன்? நாற்பது நாள், காலையும் மாலையும், தாயைக் குளிக்க வைத்துத் தலை உலர்த்த ஒரு சட்டி தணல். பிள்ளைக்கு ஒரு சட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு சாடி. மேலே ஒரு முழம் திறப்பு.

அழகாயியிடம் புகை போடாமல் சமாளிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொக போடாம புள்ளையா? தலையில நீர் கோத்துக்கிட்டா யாரு தாயி பதில் சொல்றது? ஒங்க லைட்டா வந்து சொல்லும்?"

செப்டம்பர் 13, திங்கள்.

இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினேன். ராசம்மாவின் சேலை, பூத்த பித்தளை, புத்தகம் மூன்றையும் முன்னால் வைத்தேன். சாடி வெளியே போக வேண்டும், பிரசவத்துக்கு முன்னால் போக வேண்டும் என்றேன்.

கொழுந்தனார் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. வெள்ளைக்காரன் அவன் ஊருக்கு எழுதிக்கொண்ட புத்தகமாம். அங்கே குளிருக்குக் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு இருப்பானாம். இங்கே காற்றுக்கு என்ன பஞ்சமாம். சொல்லி வாய் மூடவில்லை, மழை இரைந்தது. எழுந்துபோய் அந்தக் காம்பரா ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான், "சரி, கிணத்துக்கு அங்கிட்டு ஒரு கொட்டகை போட்டுக்கோ" என்றார். பிள்ளை பொம்மைக்கு அழுததுபோல.

செப்டம்பர் 20, திங்கள்.

வேலை தொடங்கியாயிற்று. லாபிர் வந்து கயிறு பிடித்தார். பலாமரத்து நிழல் மேற்கு வெயிலை மறைக்கிற இடம். நடுவில் செங்கல் சுவர், ஒரு பக்கம் இஞ்சின், மறுபக்கம் சாடி. தரை வாசற்பக்கம் சரிவு, சாடி உடைந்தால் திராவகம் தேங்காது. மரத்தட்டுக்குத் தார் பூசச் சொன்னார், கால்களுக்கு அடியில் பீங்கான் கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். கூரை முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீள வாட்டில் திறப்பு. "அக்கா, இந்த ரெண்டு ஓட்டைதான் கொட்டகை. மிச்சமெல்லாம் சும்மா செவரு" என்றார். இந்த ஊரில் என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மனுஷர் இவர் ஒருவர்.

செப்டம்பர் 24, வெள்ளி.

கோயிலுக்குப் போய் ஒரு மணி நேரம். வந்து பார்த்தால் இரண்டு திறப்பையும் செங்கல் வைத்துப் பூசியாயிற்று. கொத்துவேலை செய்கிற மேசன் பாஸ் கரண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். "சின்ன மாத்தயா அடைக்கச் சொன்னாரு" என்கிறார். மரநாய் புகுந்துவிடுமாம். சாரல் அடிக்குமாம்.

என்ன எழுதுவது? பெரிய டப்பா செஞ்சு அதுக்குள்ள வெடிமருந்த வச்சு மூடியும் போட்டாச்சு. அதுக்குப் பேரு கொட்டகை. நான் என்ன பைத்தியக்காரியா? மூணு நாள் ஒரு பக்கத்தப் படிச்சது யாருக்காக?

இரும்பு அலவாங்கை எடுத்து நானே இடித்தேன். சாந்து காயவில்லை, இலகுவாக விழுந்தது. நல்ல சேலை எல்லாம் சுண்ணாம்பு. மேசன் பாஸ் வாயைப் பிளந்து நின்றார், அப்புறம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மரநாய்க்குக் கம்பிவலை போதும்.

அக்டோபர் 2, சனி.

கொட்டகை முடிந்து மூன்று நாள். சாடி நகரவில்லை. புரட்டாசியில் புது இடம் புகக்கூடாதாம். பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார் கொழுந்தனார். ஆயுத பூசைக்குச் சாடிகளுக்கும் இஞ்சினுக்கும் இருந்த இடத்திலேயே பூசை போட்டு, மறுநாள் விஜயதசமியில் தூக்கி வைப்பதாக ஏற்பாடு.

ஆடியில் இறக்கும்போது இந்தப் பஞ்சாங்கம் எங்கே இருந்தது? உள்ளே வர நாள் இல்லை, வெளியே போக மட்டும் நாள்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பதினோரு நாள்தானே, விடு" என்றார். அந்தப் பதினோரு நாளுக்குள் வலி எடுத்தால்? அவர் வெற்றிலையை மடித்தார்.

அக்டோபர் 7, வியாழன்.

தலை இறங்கிவிட்டது என்று அழகாயி சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 13, புதன். சரஸ்வதி பூசை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் விளக்கு பிரகாசமாக எரிய வேண்டும் என்று விடிந்ததிலிருந்து இஞ்சின் ஓடியது. பதினோரு மணிக்கு நல்ல நேரம். சாடி ஒவ்வொன்றுக்கும் சந்தனப்பொட்டு, குங்குமம், செவ்வந்தி மாலை. ஏற்றப்போகிற குத்துவிளக்கு அணையக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கடை ஆட்கள் மூன்று பேர், அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

நான் காலையிலேயே ராசம்மாவைக் குசினிக்கு அந்தப் பக்கம் கொட்டிலில் உட்காரவைத்துவிட்டேன். இரண்டு பானைத் தண்ணீர், ஒரு கிண்ணம் சலவைச் சோடா நடையில் எடுத்து வைத்தேன். விளக்கு ஏற்ற விடவில்லை. கற்பூரமும் தீப்பெட்டியும் என் முந்தானையில்.

"தட்டக் கொண்டா" என்றார் வீட்டுக்காரர்.

நான் கதவை மறித்து நின்றேன். "பூ வைங்க, சந்தனம் வைங்க, விழுந்து கும்பிடுங்க. நெருப்பு மட்டும் இந்தக் கதவுக்குள்ள வராது. இல்லாட்டி இஞ்சின நிப்பாட்டி ஜன்னலத் தொறந்து வச்சு, பொழுது சாயட்டும்."

அத்தனை பேர் முன்னால் அவரை இப்படி மறுத்துப் பேசியது இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கொழுந்தனார் கடை ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போறவங்க பேசுற பேச்சக் கேட்டுக்குங்க. சாமிக்கே கற்பூரம் இல்லையாம்." ஒருவர் சிரித்தார்.

வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. ஒரு ஆளைச் சைக்கிளில் கடைக்கு அனுப்பிக் கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்துவரச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ தள்ளு" என்றார்.

தள்ளினேன். தள்ளியிருக்கக்கூடாது. ராசம்மா தனியாக இருக்கிறாள் என்று ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

பெரிய சத்தம் இல்லை. தகரத்தைப் பலகையால் அறைந்ததுபோல ஒன்று. அப்புறம் கண்ணாடி விழுகிற சத்தம். அப்புறம் கொழுந்தனாரின் குரல், அது மனுஷக் குரலாக இல்லை. தட்டைப் பிடித்துச் சாடிக்கு நேராகக் காட்டியது அவர்தான். இரண்டு சாடி சிதறியிருந்தது. வலது கையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் திராவகம். மற்றவர்கள் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நான் பானையைக் கவிழ்த்தேன். அடுத்த பானையையும் கவிழ்த்தேன். எரியுது, விடுங்க என்று உதறினார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு இழுத்துப் போய் வாளி வாளியாக ஊற்றினேன். வீட்டுக்காரர் இறைத்துக்கொடுத்தார். இறைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஓடியபிறகு தரையில் மிஞ்சினதுக்குச் சோடாவைக் கொட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கண் தப்பியது என்றார்களாம்.

அம்மா, நீ சாட்சி. உனக்குக் கற்பூரம் காட்டாமல் ஒரு வெள்ளி போயிருக்கிறதா? நெருப்பை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே ஏற்றக்கூடாது என்பது உனக்குத் தெரியாததா?

அக்டோபர் 14, வியாழன்.

காலை ஆறு மணிக்கே வீட்டுக்காரர் லாபிரைக் கூட்டிவந்துவிட்டார். இரண்டு பேருமாகப் பதினாலு சாடியையும் கொட்டகைக்குச் சுமந்தார்கள். நல்ல நேரம் பார்க்கவில்லை.

அக்டோபர் 19, செவ்வாய்.

பெண் குழந்தை. பகல் ஒன்றே கால் மணி. தாய் சுகம். பொழுது சாய அழகாயி தணல் சட்டியோடு உள்ளே வந்தாள். சாமான் காம்பராவைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். சுவர் கழுவி, ஜன்னல் திறந்து, வெறுமையாகக் கிடந்தது. புகை அந்த ஒரு முழத் திறப்பு வழியாக நிம்மதியாகப் போனது.

அக்டோபர் 30, சனி.

குழந்தை பார்க்கச் சரோஜாதேவி வந்தாள், கடைத்தெருவில் துணிக்கடை வீட்டுக்காரி. பிள்ளையின் கையில் காசை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்ன இருந்தாலும் பூசையில கற்பூரத்த மறுத்திருக்கக்கூடாது. அதனாலதானே வெடிச்சுச்சாம்" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். டவுனெல்லாம் அப்படித்தான் பேச்சாம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனவர்களிடம் கொழுந்தனாரே சொல்லியிருக்கிறார். தெய்வக் குற்றமாம். பெண்பிள்ளை வாயால் அமங்கலம் வந்ததாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவன் உசுரு தப்பியிருக்குன்னா அது யாரு கையால? ரெண்டு பானை தண்ணி நடையில இல்லாட்டி இன்னைக்குக் கதை சொல்ல வாய் இருக்குமா? நெருப்பைக் கொளுத்தினவன் பக்தன், தண்ணி வச்சவ பாவி. நல்ல ஊரு.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்க அங்க நின்னீங்க. என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒரு தடவை வாயத் தொறந்து சொன்னா என்ன?" குழந்தையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 2, செவ்வாய். தீபாவளி.

வெடி வாங்கவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

பலகாரம் சாப்பிட வந்தவர்களில் ஒருவர் அந்தப் பேச்சை எடுத்தார், வீட்டம்மாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் என்ற பீடிகையோடு. நான் உள்ளே முறுக்குத் தட்டோடு நின்றுவிட்டேன். அப்புறம் வீட்டுக்காரர் குரல்: "அவ வேணாம்னுதான் சொன்னா. கடைக்கு ஆளனுப்பிக் கற்பூரம் எடுத்துட்டு வரச் சொன்னது நான்தான். என் தம்பிய வேகவச்சது நான்."

முறுக்கைக் கொண்டுபோய் வைத்தேன். யாரும் நிமிரவில்லை.

நவம்பர் 7, ஞாயிறு.

மாலை நாலு மணிக்குக் கொழுந்தனார் வந்தார். கையில் இன்னும் கட்டு. அண்ணன் இருக்கிறாரா என்று கேட்கவில்லை, நேரே குசினிப் பக்கம் வந்து படியில் உட்கார்ந்தார். நான் என் வேலையைப் பார்த்தேன். பேச வேண்டியது நான் இல்லையே.

"மதினி, அந்த இங்கிலீஷ் புத்தகம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் மாதம் வஹகோட்டையில் நோபர்ட் என்கிற கத்தோலிக்க வியாபாரி வீட்டுக்கும் இதுபோல ஒரு செட் வாங்கிக்கொடுத்தாராம். இருபது சாடி. எங்கே வைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த வீட்டிலேயே ஈரம் ஏறாத இடம் செபம் சொல்கிற அறைதானாம். அந்தோனியார் சொரூபத்துக்குக் கீழே தட்டுப் போட்டு வைத்தாராம். ஜன்னலே இல்லையாம். ராவும் பகலும் மெழுகுவர்த்தி எரிகிற வீடாம்.

எனக்கு நாக்கு வரை வந்தது, அத்தனையும். நோனா, சேலை, பூசிய திறப்பு, ஆஸ்பத்திரியில் சொன்ன கதை, எல்லாம். அவர் முகத்தைப் பார்த்தேன். கழுத்துத் தோல் இன்னும் ரோஸாகச் சுருங்கிக் கிடக்கிறது.

"எழுதிச் சொன்னா நோபர்ட் என்னைத்தான் நம்புவாரு, ஒங்களை நம்பமாட்டாருன்னு நினைச்சேன்" என்றார். "ஆனா எனக்கு எழுதக் கை இல்ல மதினி. எழுதவும் முகம் இல்ல. அந்த வீட்டு அம்மாவுக்கு நீங்க எழுதுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க. நான் செஞ்சது தப்புன்னே எழுதுங்க."

நோனாவிடம் முதலில் போய்விட்டு வாருங்கள் என்றேன். எழுந்து போனார். போனாரா என்று தெரியாது. கடிதத்துக்கு அது வரைக்கும் காத்திருக்க முடியாது.

நவம்பர் 8, திங்கள்.

காலை பஸ்ஸில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

வஹகோட்டை, நோபர்ட் அவர்கள் வீட்டு அந்தோனியம்மா அவர்களுக்கு, மாத்தளையிலிருந்து சுந்தரம்மா எழுதுவது. நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். உங்கள் வீட்டு மின்சார செட்டை வைத்துக்கொடுத்த இராசமாணிக்கம் என் கொழுந்தனார். சாடிகளை வைத்த இடம் தப்பு என்று அவரே சொல்லி இதை எழுதச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படி வைத்து, தீ காட்டி, இரண்டு சாடி வெடித்தது. அவருடைய கை வெந்துவிட்டது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் இஞ்சினை நிறுத்துங்கள். செப அறையில் எரிகிற மெழுகுவர்த்தியை ஊதாதீர்கள், சாடிகளுக்கு மேலே தூக்கவும் வேண்டாம். தாழ்வாகப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்துப்போய் அணையுங்கள். பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் வெளியே இருங்கள். அந்தோனியார் கோபித்துக்கொள்ளமாட்டார். எனக்கு உங்கள் மதத்து வழக்கம் தெரியாது, ஆனாலும் இதை உறுதியாகச் சொல்கிறேன். சாடிகளை வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்ற வேண்டும். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் திறப்பு விட வேண்டும், யார் சொன்னாலும் அடைக்கக்கூடாது. எப்படிக் கட்டுவது என்று லாபிர் என்ற மெக்கானிக் வியாழக்கிழமை வந்து காட்டுவார். வீட்டுக்காரர் மறுத்தால் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுங்கள். அடியில் என் வீட்டுக்காரரும் கையெழுத்து வைத்திருக்கிறார்.

அந்த அறையில் இப்போது யார் படுக்கிறார்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, இஞ்சின் நின்றதா, இந்த மூன்றுக்கும் நாளை பஸ்ஸிலேயே பதில் எழுதி அனுப்புங்கள். கண்டக்டர் ஹுசைனிடம் சொல்லியிருக்கிறேன், அவர் வாசலில் நின்று வாங்கிக்கொள்வார்.